சர்க்கரைத் தட்டைத் தள்ளிய மெஹரூன்னிசா

மெஹரூன்னிசாவைப் பற்றி நல்லபடியாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்றுதான் ஆரம்பிக்கிறேன். எவ்வளவு தூரம் முடிகிறது என்று பார்க்கலாம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நானும் அவளும் அடுத்தடுத்த வீடு. அப்படி இருந்தவர்களுக்கு ஒருத்தியைப் பற்றி இன்னொருத்தி நல்லதை மட்டும் சொல்ல வராது.

மரக்காணத்தில் எங்கள் தெரு பஜார் முனையில் தொடங்கி உப்பளக் கரையில் முடியும். வீட்டோடு வீடு ஒட்டிய தெரு. ஒருத்தர் சுவர்தான் அடுத்தவருக்கும் சுவர். பஜார் முனையில் எல்லாம் இருந்தது. ரேஷன் கடை, மாவு மில், தபாலாபீஸ், பாண்டிச்சேரி பஸ் நிற்கும் இடம், நர்ஸ் சவரியம்மாள் இருக்கும் சின்ன ஆஸ்பத்திரி. ஆனால் பகலில் தெரு ஆண்களுடையது. டீக்கடை பெஞ்சு, சைக்கிள் கடை, பள்ளிவாசல் படி என்று வழிநெடுக உட்கார்ந்திருப்பார்கள். பெண்கள் அந்த வழியாகப் போகக் கூடாதென்று யாரும் சட்டம் போடவில்லை. போனால், திரும்பி வருவதற்குள் "உன் வூட்டம்மா எங்க போவுது" என்ற கேள்வி புருஷன் காதுக்குப் போயிருக்கும், அவ்வளவுதான்.

அதனால் நாங்கள் கொல்லை வழியாக நடந்தோம். ஒவ்வொரு வீட்டின் பக்கச் சுவரிலும், அடுப்படிக்குப் பின்னால், குனிந்து நுழைகிற அளவுக்கு ஒரு சின்னக் கதவு இருக்கும். பகலில் யாரும் தாழ் போட மாட்டார்கள். உப்பளக் கரை வீட்டுக்காரி கூட முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு கதவு கதவாகக் கடந்து ஆஸ்பத்திரியின் பின்வாசலில் போய் நிற்பாள். உடம்பைச் சுற்றிப் போர்த்துகிற துப்பட்டி வேண்டாம், செருப்பு வேண்டாம். அடுப்பில் உலையை வைத்துவிட்டுப் போய் மாத்திரை வாங்கி வந்துவிடலாம். போகிற வழியில் எவள் வீட்டிலாவது குழம்பு பொங்கினால் ஒரு கிளறு கிளறிவிட்டுப் போவோம்.

பஜார் முனையில் முதல் வீடு ஷமாவுடையது. இரண்டாவது மெஹரூன்னிசா. மூன்றாவது நாங்கள். எங்களுக்கு அப்புறம் உப்பளம் வரைக்கும் வரிசையாக வீடுகள். கணக்கு போட்டுப் பாருங்கள். எங்கள் தெருப் பெண்களில் யார் எங்கே போனாலும் மெஹரூன்னிசாவின் கொல்லையை மிதிக்காமல் போக முடியாது.

அவளுக்குச் சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இடது கால் சூம்பிவிட்டது. சுவரைத் தொட்டுத் தொட்டுத்தான் நடப்பாள். வேறு ஊரில் கொடுத்திருந்தால் வீட்டுக்குள்ளேயே கிடந்திருப்பாள். இங்கே சுவருக்கா பஞ்சம்? யார் வீட்டில் பெண் பார்க்க வந்திருக்கிறார்கள், எவளுக்கு எத்தனையாவது மாசம், ரேஷனில் பாமாயில் வந்துவிட்டதா, எல்லாம் அவளுக்குத்தான் முதலில் தெரியும். அவள் எதற்கும் தேடிப் போனதில்லை. உட்கார்ந்த இடத்தில் வெற்றிலையை மடித்தபடி என்னிடம், "ஏய் ஜொஹரா, வரும்போது எனக்கும் நாலு மாத்திரை வாங்கியா" என்பாள். போகிறவள் எவளும் அங்கே ஒரு நிமிஷம் குந்தாமல் போனதில்லை. உள்ளதைச் சொன்னால், ஷமாவுக்குக் காசு வருவதற்கு முன்னால் இந்தத் தெருவில் பார்த்துப் பொறாமைப்பட வேண்டிய ஆள் மெஹரூன்னிசாதான். நான் பட்டேன். என் வீட்டில் வந்து குந்துவதற்கு ஒரு நாய் கூட இல்லை.

ஆனால் அவளுக்கு அது தெரியவில்லை. அவள் கண்ணெல்லாம் ஷமா மேல் இருந்தது.

ஷமா அவள் ஓரகத்தி. மெஹரூன்னிசாவின் புருஷன் பக்கீர் முஹம்மது பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்தார்; அவர் தம்பி ஃபாரிஸுக்கு ஷமாவை அனுமந்தையில் போய்ப் பார்த்து முடித்ததே மெஹரூன்னிசாதான். இரண்டு புடவையும் ஒரு தகரப் பெட்டியுமாக வந்த பெண். "அக்கா, அக்கா" என்று இவள் பின்னாலேயே சுற்றும். அப்புறம் ஃபாரிஸ் ஷார்ஜாவுக்குப் போனான். முதல் தடவை வந்தபோது டேப் ரெக்கார்டர் வந்தது. இரண்டாம் தடவை மிக்ஸி வந்தது, பூப்போட்ட நைலான் புடவைகள் வந்தன. அண்ணிக்கு ஒரு போர்வையும் ஒரு கோடாலித் தைலமும் வந்தது. மெஹரூன்னிசா போர்வையை எங்களுக்குப் பிரித்துக் காட்டினாள். "சாவப்போற கெழவிக்கு வாங்கற மாதிரி வாங்கியாந்திருக்கான்" என்றாள்.

அதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஷமா வீட்டில் மிக்ஸி ஓடினால் இவள் அம்மிக்கல்லை ஓங்கி இழுப்பாள். ஷமா புதுப் புடவையில் கொல்லைக் கதவைத் திறந்தால், "எங்க, கச்சேரிக்கா?" என்பாள். பிள்ளைகள் எல்லாம் டி.வி. பார்க்க ஷமா வீட்டுக்கு ஓடும்போது, அந்தச் சத்தம் தன் காதில் விழக்கூடாதென்று தலைக்கு மேல் போர்வையைப் போட்டுக்கொண்டு படுப்பாள். அதே ஷார்ஜாப் போர்வைதான். நாங்கள் சிரிப்போம், அவள் முகத்துக்கு எதிரே இல்லை.

எண்பத்தேழில் ஷமா பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மெத்தை வீடு கட்ட ஆரம்பித்தாள். மழைக்காலத்தில் உப்பளத்துத் தண்ணீர் ஏறுகிற ஊர் என்பதால் அஸ்திவாரத்தையே இடுப்பளவு தூக்கிப் போட்டார்கள். மொசைக் தரை. கம்பி வைத்த ஜன்னல். மெஹரூன்னிசா அந்தப் பக்கம் பார்க்கவே மாட்டாள். ஆனால் எத்தனை மூட்டை சிமெண்டு இறங்கியது என்று அவளைத்தான் கேட்க வேண்டும்.

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பொதுச் சுவரை இடித்துக் கட்டுகிறவள், அடுத்த வீட்டுக்காரியிடம் ஒரு தட்டில் சர்க்கரை எடுத்துக்கொண்டு வந்து கதவு கேட்க வேண்டும். கதவு எங்கே வரலாம், எவ்வளவு அகலம் என்று அடுத்த வீட்டுக்காரிதான் சொல்வாள். ஒரு சிட்டிகை சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்டு சொன்னால் கதவு உண்டு. சர்க்கரையைத் தொடவில்லை என்றால் கதவு இல்லை. இதில் ஆண்கள் வாயைத் திறக்கக் கூடாது. வழி பெண்களுடையது, பேச்சும் பெண்களுடையது. அதுவரைக்கும் சர்க்கரையைத் தொடாமல் விட்டவள் என்று ஒருத்தியும் கிடையாது. அது வெறும் மரியாதை, அவ்வளவுதான்.

ஷமா கண்ணாடித் தட்டில் சர்க்கரையோடு வந்தாள். அடுத்த சுவர்க்காரி என்பதால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கொத்தனார் காசிலிங்கம் அளவுக் கயிற்றோடு கொல்லை ஓரமாக நின்றார். உப்பளப் பக்கத்துப் பெண்கள் இரண்டு மூன்று பேர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள்.

"அக்கா, கதவு பழைய எடத்துலயே இருக்கட்டும். தரை மட்டும் உசந்துபோச்சு. படி வெச்சா உங்களுக்குக் கஷ்டம்" என்றாள் ஷமா. "அதனால உங்க காலுக்குத் தோதா சரிவா போடச் சொல்லியிருக்கேன். புடிச்சுக்கக் கம்பியும் வெக்கச் சொன்னேன்."

அவள் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னாள். எனக்கு அப்போதே தெரிந்தது. ஆனால் கொத்தனாரை வைத்துக்கொண்டு, நாலு பெண்களை வைத்துக்கொண்டு, காலைச் சொல்லிவிட்டாள். மெஹரூன்னிசாவின் காலைப் பற்றி இந்தத் தெருவில் யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை. அதுவும் தான் பார்த்துக் கட்டிவைத்த தகரப் பெட்டிப் பெண், மொசைக் போட்ட கையோடு, இரக்கப்பட்டுப் பேசுவதென்றால்?

மெஹரூன்னிசா தட்டைப் பார்த்தாள். ஒரு விரலால் அதைத் தள்ளினாள்.

"உன் பளபளா தரையில என் நொண்டிக்கால் எதுக்குடி? அடைச்சுடு."

"அக்கா, நான் அப்படிச் சொல்லல."

"நீ சொல்ல வேணாம். எனக்குப் புரியுது. கதவு வேணாம். முழுச் செவுரா எழுப்பிக்க."

"மெஹரூன், நாங்கள்லாம் போவணும்டி" என்றேன்.

"நீங்கள்லாம் றெக்கை கட்டிப் பறங்க" என்றாள்.

ஷமாவுக்கும் ரோஷம் உண்டு. வெடுக்கென்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஒரு வாரத்தில் சுவர் எழும்பிவிட்டது. பக்கீர் முஹம்மது சாப்பிடும்போது மெல்ல, "பெரிய மனுஷி நீயே இப்படிப் பண்ணா" என்று ஆரம்பித்தாராம். "இது பொம்பளைங்க பேச்சு, நீங்க சாப்பிடுங்க" என்றாளாம். எதிரிக்குச் சகுனத் தடையாகட்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொண்ட கதையாகிவிட்டது.

அறுபட்டது அவள் மூக்கு மட்டுமா? எங்கள் வழியும் போயிற்று. மாத்திரைக்கும் மாவுக்கும் துப்பட்டியைச் சுற்றிக்கொண்டு டீக்கடை முன்னால் போக வேண்டியதாயிற்று. கைக்குழந்தைக்காரிகள் அழுதுவிட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளிடம் போய் வழி கேட்பதில்லை என்று முடிவு பண்ணினேன். என் கொல்லைக்குப் பின்னால் பஞ்சாயத்து வாய்க்கால். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பின்தெரு கமலாம்பாளின் மாட்டுக்கொட்டகை. அவள் வாசல் திறந்தால் நேர் எதிரே ரேஷன் கடை, ரெண்டு வீடு தள்ளி ஆஸ்பத்திரி. ஒரு தட்டில் சர்க்கரை எடுத்துக்கொண்டு போய்க் கேட்டேன்.

"வாங்க போங்க, இதுல என்னா இருக்குது. மாடு முட்டாம பாத்துப் போங்க" என்றாள் கமலாம்பாள். எங்கள் வழக்கம் தெரியாததால் சர்க்கரையைத் தட்டோடு உள்ளே வாங்கி வைத்துக்கொண்டாள். மறுநாள் அந்தத் தட்டில் முருங்கைக்கீரை வந்தது.

வாய்க்காலின் குறுக்கே ஒரு பனைமரத் துண்டைப் போட்டோம். என் பின்சுவரில் கதவு வைத்தோம். பழைய வழியைவிட இது கிட்டம். உப்பளக் கரைப் பெண்கள் எல்லாம் இப்போது என் கொல்லைக்கு வந்து, குந்தி, வெற்றிலை போட்டு, அப்புறம்தான் வாய்க்காலைத் தாண்டினார்கள். மெஹரூன்னிசா என் பக்கத்துக் கதவைத் திறந்து ஒரு நாள் அதை நின்று பார்த்தாள். உருண்டைப் பனங்கட்டையில் இரண்டு கால்காரிகளே கையை விரித்துக்கொண்டு போக வேண்டும். அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கதவைச் சாத்திக்கொண்டாள். கல்பலகை போட்டால் அவளும் வரலாம்தான். பஞ்சாயத்து வாய்க்காலில் கல் போடுவதென்றால் ஆண்களிடம் சொல்ல வேண்டும், மனு கொடுக்க வேண்டும். அவள் இழுத்துவிட்ட வேலைக்கு நாங்கள் எதற்கு அலைவது?

அந்த வருஷக் கோடையில் அவள் சூம்பின காலில் கருவேல முள் ஏறியது. பிடுங்கிப் போட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கிறாள். புண் சீழ் பிடித்துவிட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்ற வேண்டும் என்று சவரியம்மாள் சொல்லிவிட்டார். பழைய நாளென்றால் ஒரு கதவு, ஷமாவின் கொல்லை, இன்னொரு கதவு, ஆஸ்பத்திரி. சுவரைத் தொட்டபடியே போய் வந்திருப்பாள். இப்போது முன்வாசல் வழியாகத் துப்பட்டியைச் சுற்றிக்கொண்டு, பிடிக்க ஒரு சுவர் இல்லாமல், பஜார் வரைக்கும் போக வேண்டும்.

பக்கீர் முஹம்மது சைக்கிள் கேரியரில் உட்காரச் சொன்னார். "என்ன அரிசி மூட்டைன்னு நெனச்சீங்களா" என்று நடந்தே போனாள். முதல் தடவை போய் வந்துவிட்டாள். இரண்டாம் தடவை டீக்கடைக்கு எதிரே பஸ் ஒன்று ஹாரன் அடித்தது. ஒதுங்கப் போனவள் அப்படியே விழுந்தாள். துப்பட்டி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். பெஞ்சிலிருந்த ஆண்கள் அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். தூக்கிவிடக் கை நீட்டவும் தயக்கம், பார்த்துக்கொண்டு நிற்கவும் தயக்கம். கடைசியில் அவளே கையை ஊன்றி எழுந்து வீட்டுக்குத் திரும்பினாள். அதற்கப்புறம் வாசல்படி தாண்டவில்லை.

புண் நாறத் தொடங்கியதும் பக்கீர் முஹம்மது கெஞ்சிக் கேட்டு சவரியம்மாளைக் கூட்டி வந்தார். கட்டைப் பிரித்துப் பார்த்த சவரியம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இந்தத் தெருவுலயே உனக்குத்தான் ஆஸ்பத்திரி கொல்லைக்கு வந்து நின்னுச்சு. நீயே அதைத் தொரத்திட்ட" என்றார். "நான் டெய்லி வர முடியாது. அங்க க்யூ நிக்குது. நீ வரலைன்னா பாதத்தை எடுக்க வேண்டி வரும். அப்புறம் பாண்டிச்சேரிதான்."

மெஹரூன்னிசா புடவையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள். அவர் போனதும் என்னிடம், "ஷமா வூட்ல ஏதோ பொரிக்கிறா. எண்ண வாசனை வருது பாரு" என்றாள். கால் போகப் போகிறது, மூக்கு சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. எனக்கு அவளை அடிக்கலாம் போலிருந்தது.

"நீ போய் ஷமாகிட்டச் சொல்லேன் ஜொஹரா" என்றாள்.

"சர்க்கரையத் தள்ளினது யாரு? தள்ளினவதான் எடுத்துட்டுப் போவணும்."

மறுநாள் மத்தியானம், லுஹர் தொழுகை முடிந்து ஆண்கள் சாப்பிட்டுப் படுக்கிற நேரம் பார்த்துக் கிளம்பினாள். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த வீடுதான், ஆனால் அந்த வெயிலில் ஷமாவின் முன்வாசல் படியை ஏறி முடிப்பதற்குள் அவள் ரவிக்கை முதுகு நனைந்துவிட்டது. மொசைக் தரையில் உட்கார்ந்ததும் கையால் அதைத் தடவிப் பார்த்தாள். தன்னையறியாமல் செய்தாள் என்று நினைக்கிறேன்.

ஷமா எதிரே நின்றாள். சாயம் போன ஒரு பருத்திப் புடவையில் இருந்தாள். டி.வி.யின் மேல் துணி போட்டு மூடியிருந்தது.

மெஹரூன்னிசா சர்க்கரைத் தட்டைத் தரையில் வைத்தாள். "கதவு கேட்டு வந்திருக்கேன்" என்றாள்.

ஷமா உடனே தட்டைத் தொடவில்லை. "உங்களுக்கு என்னைப் பாத்தா வவுத்தெரிச்சல்னு எல்லாருக்கும் தெரியுங்க்கா" என்றாள். "எனக்கும் உங்களைப் பாத்தா அப்படித்தான். யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான்."

"என்னைப் பாத்தா?"

"இந்தச் செவுத்துக்கு இந்தப் பக்கம் நான் என்ன கேக்கிறேன் தெரியுமா? பக்கீர் மச்சான் சாப்பிட உக்காந்து, கொழம்புல உப்பு இல்லைம்பாரு. நீங்க, வேணும்னா எடுத்துப் போட்டுக்கங்கம்பீங்க. ஊரெல்லாம் உப்பு வெளையுது, எங்க வூட்ல உப்பு இல்லைன்னு சொல்ல ஒரு ஆள் கெடையாது. இவரு ஷார்ஜாவிலேர்ந்து ரெண்டு வருஷத்துக்கு ஒரு வாட்டி பெட்டியோட வர்றாரு."

மெஹரூன்னிசாவின் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்து போனதை நான் பார்த்தேன். பொய் சொல்ல மாட்டேன். தன்னையும் ஒருத்தி பார்த்து வயிறெரிந்தாள் என்று தெரிந்ததும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ஷமா குனிந்து ஒரு சிட்டிகை சர்க்கரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். "காசிலிங்கத்துக்கிட்ட அன்னிக்கே சொல்லிட்டேன். பழைய கதவு எடத்துல மட்டும் சிமெண்டு வெக்காத, ஒத்தக் கல்லா களிமண்ணு வெச்சுக் கட்டுன்னு. உங்க கோவம் எனக்குத் தெரியாதா? நாளைக்கு வந்து தட்டிட்டுப் போவாரு. படி வெக்கவா, எப்படி?"

மெஹரூன்னிசா கட்டுப் போட்ட காலை இழுத்து நீட்டிக்கொண்டாள்.

"சரிவாவே போடு" என்றாள். "கம்பியும் வெச்சுடு."

மறுநாளே கதவு திறந்தது. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாள். சவரியம்மாள் கட்டு மாற்றி மாற்றி, மழை தொடங்குவதற்குள் புண் ஆறிவிட்டது. கால் தப்பியது. ஷமாவும் அவளும் சேர்ந்து டி.வி. பார்க்க ஆரம்பித்தார்கள், மிக்ஸியில் இரண்டு வீட்டுக்கும் சேர்த்தே அரைத்தார்கள். இத்தோடு நல்லபடியாக முடித்துக்கொள்ளலாம். ஆனால் முடியவில்லை.

கதவு திறந்த முதல் வாரம் மெஹரூன்னிசா கொல்லையைப் பெருக்கித் தண்ணீர் தெளித்து, தட்டு நிறைய வெற்றிலை வைத்துக்கொண்டு பழைய இடத்தில் போய் உட்கார்ந்தாள். ஒருத்தியும் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. அவர்கள் மேல் தப்பில்லை. கமலாம்பாள் வழி கிட்டம்; போகிற போக்கில் ஒரு சொம்பு மோரும் கிடைக்கும். இந்தப் பக்கம் வந்தால் மொசைக்கில் கால் வைக்க முதலில் காலைக் கழுவ வேண்டும். பழகிய காலை யார் திருப்ப முடியும்?

அன்றைக்கு நான் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். ஷமா பால் பவுடர் போட்ட டீ கொண்டு வந்தாள். மூன்று பேரும் கொல்லையில் உட்கார்ந்திருந்தோம். என் வீட்டுப் பக்கமிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. நாலைந்து பேர் சேர்ந்து சிரிக்கிற சிரிப்பு. உப்பளக் கரைப் பெண்கள் ரேஷனுக்குக் கிளம்பி வந்திருந்தார்கள். மெஹரூன்னிசா டீயைக் குடிக்காமல் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை நான் முன்னாலேயே பார்த்திருக்கிறேன். அப்போது அது ஷமாவின் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது.

"ஷமா" என்றாள், என்னைப் பார்க்காமல். "கதவு தொறந்தாச்சு. சரிவு போட்டாச்சு. அவளுங்கள மறுபடி இந்தப் பக்கம் வர வெக்க ஏதாவது வழி இருக்குதா?"

ஷமா தன் டீயை ஒரு வாய் குடித்தாள்.

"அதுக்குக் கொத்தனார் கெடையாதுக்கா" என்றாள்.

நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். வீட்டில் ஆட்கள் வந்திருந்தார்கள், போக வேண்டியிருந்தது.